அந்தியேட்டி முடிக்காத மகன்: திகில் பட வில்லன்களின் மனங்களை ஒப்பிட்டு

திருகோணமலை நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், அனுராதபுர வீதியை ஒட்டி இருக்கும் கன்னியாவில் ஏழு சதுரக் கிணறுகள் உள்ளன. ஏழிலும் வெந்நீர், ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு இல்லை. கோணேசர் மலையின் பாறையைத் தாய்க்காகப் பெயர்க்க முனைந்த இராவணன், தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி கேட்டு, அவளுக்குரிய கடைசிக் கிரியைகளைச் செய்ய நீர் வேண்டி ஏழு இடங்களில் நிலத்தைக் குத்தினான் என்பதும், அந்த இடங்களில் இந்த ஊற்றுகள் கிளம்பின என்பதும் எங்கள் ஊரின் ஐதீகம். தாய் தகப்பனை இழந்தவர்கள் இன்றும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காக அங்கே போகிறார்கள். என் தகப்பனாரின் அந்தியேட்டியன்று அண்ணா முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியபோது அவருடைய தோள்கள் ஒருமுறை அதிர்ந்ததைப் பார்த்தேன். மூன்றாவது வாளிக்குப் பிறகு ஈர வேட்டியோடு வந்து, ஒரு மாதமாக எதையும் கேட்டு வாங்கிக் குடிக்காத மனிதர், தேநீர் இருக்கிறதா என்று கேட்டார்.

திகில் பட வில்லன்களின் மனங்களைப் பற்றி எழுத வந்த நான் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம், உலகத் திரையில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கொலைகாரன் தாயின் கிரியைகளை முடிக்க மறுத்த ஒரு மகன் என்பதே. 1960 இல் அல்பிரட் ஹிட்ச்கொக் இயக்கிய ‘சைக்கோ’ படத்தின் நோர்மன் பேட்ஸ், தாயையும் அவளுடைய காதலனையும் நஞ்சூட்டிக் கொன்றவன். கொன்ற பின் அவளை மண்ணுக்குள் விட மனமில்லாமல் உடலைத் திருடிக்கொண்டு வந்து, பறவைகளைப் பாடம் செய்து வைக்கும் கைப்பழக்கம் உள்ளவன் ஆதலால், அதையும் அழியாமல் வீட்டில் வைத்துக்கொள்கிறான். அவளுடைய குரலில் பேசுகிறான். அவளுடைய உடையை உடுத்துகிறான். ஒரு பெண்மீது அவனுக்கு ஆசை எழும்போது, அவனுக்குள் இருக்கும் ‘தாய்’ எழுந்து வந்து அந்தப் பெண்ணைக் கொல்கிறாள்.

இந்தப் பாத்திரத்தின் அடியில் ஓர் உண்மை வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், பிளெயின்பீல்ட் என்ற சிற்றூரில் 1957 இல் கைதான எட் கீன், தாய் இறந்த பின் தனித்து வாழ்ந்து, கல்லறைகளைத் தோண்டி, பெண்களைக் கொன்றவன். அதே மாநிலத்தில் அப்போது வாழ்ந்த ரொபர்ட் புளொக் 1959 இல் எழுதிய நாவலையே ஹிட்ச்கொக் படமாக்கினார். 1974 இல் வந்த ‘த டெக்சாஸ் செயின் சோ மசாக்கர்’ படத்தின் தோல் முகமூடிக்காரனும், 1991 இல் வந்த ‘த சைலன்ஸ் ஒவ் த லாம்ப்ஸ்’ படத்தில் பெண்களைக் கடத்தித் தோலுரிக்கும் பஃபலோ பில்லும் கீனின் வழக்கிலிருந்து கூறுகளை எடுத்து வளர்க்கப்பட்டவர்கள். ஒருவன் தாய்க்கு அடிமை, ஒருவன் வீட்டாரின் சொல்லுக்கு அடங்கி நடக்கும் பேச்சற்ற கசாப்புக்காரன், ஒருவன் தன் உடலையே வெறுப்பவன். ஒரே மனிதனின் வாழ்க்கையிலிருந்து மூன்று வெவ்வேறு மனங்களைச் செய்து எடுக்க முடிந்திருக்கிறது என்பதை முதலிலேயே கவனிக்க வேண்டும். வில்லனின் உளவியல் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, படம் எடுத்தவர்களின் காலம் எதை நம்பியது, எதற்கு அஞ்சியது என்பதன் பதிவு. அதில் நோயைப் பற்றிய உண்மை எவ்வளவு, கதைக்காகச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தறிவது, போரும் கடலும் மனங்களைக் காயப்படுத்திய எங்கள் ஊருக்கு மிகவும் தேவையான காரியம் என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

‘சைக்கோ’வின் இறுதியில் ஒரு மனநல வைத்தியர் வந்து நோர்மனின் கதையை விளக்குகிறார். தாய் பற்றும் பிடிவாதமும் மிகுந்தவள். உலகத்தில் வேறு எவருமே இல்லாததுபோல இருவரும் வாழ்ந்தார்கள். அவளுக்கு ஒரு துணை கிடைத்தபோது மகன் இருவரையும் கொன்றான். தாயைக் கொன்ற பாவத்தைத் தாங்க இயலாமல், அது நடக்கவே இல்லை என்று ஆக்குவதற்காகத் தன் மனத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டான். இந்த விளக்கத்தில் துக்கத்தைப் பற்றிய பகுதி இன்றைக்கும் பொருந்துகிறது. இறந்தவரின் செருப்பை மாதக்கணக்கில் வாசலிலிருந்து எடுக்காமல் விடுவதும், அவர் கூப்பிட்டது காதில் விழுந்ததாக உணர்வதும், அவருக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றிவிடுவதும் இயல்பான துக்கத்தில் உள்ளவையே. நோர்மன் அந்த இயல்புக்குள் புகுந்து கதவை உட்புறமாகப் பூட்டிக்கொண்டவன். அவன்மீது நமக்கு வெறுப்பைவிட இரக்கம் முந்துவது அதனால்தான். கொல்லப்பட்ட பெண்ணின் காரை அவன் சேற்றுக்குள் அமிழ்த்தும்போது கார் பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில், அது முழுவதும் தாழ வேண்டுமே என்று அவனோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

தாயைப் பற்றிய பகுதியை அப்படி ஏற்க முடியாது. பிள்ளைக்கு மனச்சிதைவு நோய் வருவதற்குத் தாயின் குணமே காரணம் என்ற எண்ணத்துக்கு 1948 இல் ஃபிரீடா ஃபுரொம் ரைக்மன் என்ற மனநல வைத்தியர் ஒரு பெயரே சூட்டினார். அடுத்த இருபது ஆண்டுகள் அந்த எண்ணம் அமெரிக்க மனநல மருத்துவத்தில் ஓங்கியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதைக் கைவிட்டன. பரம்பரையும் மூளையின் வளர்ச்சியும் சூழலின் அழுத்தங்களும் ஒன்றுசேர்ந்து உண்டாக்கும் நோய் அது. வைத்தியம் கைவிட்டதைத் திரைப்படம் கைவிடவில்லை. அதோடு, நோர்மனுக்குப் படம் சுட்டும் நிலை மனச்சிதைவும் அல்ல. ஒருவருக்குள் பல ஆளுமைகள் தோன்றும் அந்த நிலைக்கு 1994 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பெயரை மாற்றி, ஒன்றாக இருக்க வேண்டிய அடையாளம் பிரிந்து விலகும் கோளாறு என்ற பொருளைக் கொடுத்தது. சிறுவயதில் அனுபவித்த கடுங்கொடுமையோடு பெரும்பாலும் சேர்த்துப் பேசப்படும் அந்த நிலையில் வாழ்பவர்கள், பிறருக்கு ஆபத்தாவதைவிடத் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்திலேயே கூடுதலாக இருக்கிறார்கள்.

நோர்மனின் நிழல் படிந்த தமிழ்ப் படம் 1980 இல் வெளியான ‘மூடுபனி’. அதை இயக்கிய பாலு மகேந்திரா எங்கள் கிழக்குக் கரையின் பிள்ளை; மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, தகப்பன் ஒரு விலைமாதின் தொடர்பினால் தாயை வதைத்ததைக் கண்டு வளர்ந்து, அத்தகைய பெண்களைத் தேடிக் கொல்பவன். நான் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில். முற்றத்தில் ஜெனரேற்றர் இரைய, அயலவர்கள் எல்லோரும் ஒரே அறையில் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தோம். சந்துரு கிற்றாரோடு பாடும் பாட்டு வந்தபோது பெண்கள் பகுதி முழுவதும் அவனுக்காகக் கலங்கியது. அவன் கொலைகாரன் என்பது அந்தச் சில நிமிடங்களுக்கு எவருடைய நினைவிலும் இல்லை. படம் முடிந்து வெளிச்சம் வந்ததும் அம்மம்மா வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: “தாயைத்தான் சொல்லவேணும். பிள்ளையை வளர்க்கத் தெரியேல்ல.” குற்றவாளி தகப்பன் என்று படம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. அமெரிக்க வைத்தியர்களின் கொள்கையை ஒருநாளும் கேள்விப்பட்டிராத அம்மம்மாவும் அவர்கள் வந்து நின்ற அதே இடத்தில் வந்து நின்றார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1978 இல், பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்திருந்தது. கமல்ஹாசன் நடித்த திலீப்பின் கொலைவெறிக்கு, சிறுவயதில் ஒரு பெண் சுமத்திய பொய்ப்பழியும், பெண்களை வெறுக்கும் ஒரு பணக்காரரின் வளர்ப்பும் காரணங்களாகக் காட்டப்பட்டன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018 இல் வந்த ‘ராட்சசன்’ படத்திலும் கொலைகளின் வேர், பள்ளிக்கூடத்தில் கேலிக்கும் ஒரு சிறுமியின் மறுப்புக்கும் ஆளான நோயுற்ற சிறுவன் ஒருவனிடம் போய் முடிகிறது. கதை சொல்லும் திறத்தில் இந்தப் படங்கள் சிறந்தவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்றிலும் கணக்கு ஒன்றுதான்: சிறுவயதில் ஒரு வடு, அந்த வடுவில் ஒரு பெண்ணின் பெயர், வளர்ந்தபின் பல பெண்களின் பிணங்கள். கொல்லப்படுபவர்களின் பாலினத்தையே கொலைக்குக் காரணமாக்கும் இந்த உளவியல் மிகவும் பலவீனமானது என்பது என் முடிவு.

அது உண்மையும் அல்ல. சிறுவயதில் கொடுமையை அனுபவித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எவரையும் கொல்வதில்லை, அடிப்பதுகூட இல்லை. அவர்களுக்கு உறக்கம் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது, சிலர் குடிக்கிறார்கள், பலர் மற்றவர்களைவிட மென்மையானவர்களாகவும் வளர்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்தகைய காயத்தை ‘மனவடு’ என்று எழுதினார். தனியொருவருக்கு நேர்ந்ததாக மட்டும் அதைப் பார்க்காமல், ஒரு சமூகம் முழுவதும் சுமப்பதாகவும் பார்த்தார். 1983 இலிருந்து 2009 வரை திருகோணமலை மாவட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் கண்டவை எந்தத் திகில் படத்தின் பின்கதையையும்விடக் குறைந்தவை அல்ல. வடுவே கொலைகாரனைச் செய்யும் என்றால், உப்புவெளியிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் ஒரு வகுப்பறைகூட மிஞ்சியிருக்க முடியாது. அந்த வகுப்பறைகளில் பல ஆண்டுகள் படிப்பித்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நோர்மனுக்கு நேரெதிரான கண்ணாடிப் பிம்பம் ஒன்று 1980 இல் வந்த ‘ஃபிரைடே த தேர்ட்டீந்த்’ படத்தில் உண்டு. அந்தத் தொடரின் பெயரைச் சொன்னால் ஹொக்கி முகமூடி அணிந்த ஜேசனே எல்லோருடைய நினைவுக்கும் வருகிறான். ஆனால் அந்த முகமூடி 1982 இன் மூன்றாம் படத்தில்தான் வந்தது. முதல் படத்தில் கொலை செய்பவள் அவனுடைய தாய், பமெலா. கோடைகால முகாமில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கவனிக்காமல் விட்டதால் மகன் ஏரியில் மூழ்கினான் என்பது அவளுடைய ஆறாத கோபம். நோர்மன் இறந்த தாயின் குரலில் பேசுகிறான். பமெலா இறந்த மகனின் குரலில் பேசித் தனக்குத்தானே கொல்லச் சொல்லிக்கொள்கிறாள். படம் சாதாரணமானது. எனினும் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு அதை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை. தண்ணீரிடம் பிள்ளையைக் கொடுத்த தாய்மாரை இந்தக் கரையில் எனக்குத் தெரியும். கடலுக்கு முதுகு காட்டி வாசல் வைத்து வீடு கட்டியவர் ஒருவர். மீன் வாங்குவதையே நிறுத்தியவர் இன்னொருவர். அவர்களுடைய கோபம் கடல்மேல் இருந்தது, கடவுள்மேல் இருந்தது, எல்லாவற்றையும்விட அதிகமாகத் தங்கள் கைப்பிடி தளர்ந்துவிட்டதே என்று தங்கள்மேலேயே இருந்தது. துக்கம் உள்ளே திரும்பிச் சொந்த நெஞ்சைத் தின்னும் என்பதைப் பமெலாவை எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இத்தகைய விளக்கங்கள் அத்தனையையும் மறுத்து நிற்பவன் ஜோன் கார்பெண்டரின் ‘ஹலோவீன்’ படத்தில் வரும் மைக்கல் மயர்ஸ். இந்தப் படமும் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்த அதே 1978 இல் வந்தது. ஒன்று காரணங்களை அடுக்கியது, மற்றது ஒன்றையும் தரவில்லை. ஆறு வயதில் அக்காவைக் கத்தியால் குத்திவிட்டு, முகமூடி கழற்றப்பட்டதும் எதுவும் புரியாததுபோல் வாசலில் நிற்கும் ஒரு சிறுவன். பதினைந்து ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டுத் தப்பி வரும் ஒரு வளர்ந்தவன். நீண்ட காலம் அவனை ஆராய்ந்த பின் அவனுக்குள் தீமையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கைவிரிக்கும் ஒரு வைத்தியர். படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட முகமூடியோடு வருபவனுக்குப் பெயர் இல்லை, ‘உருவம்’ என்ற பொருள்படும் சொல் மட்டுமே இருக்கிறது.

மைக்கலுக்கு உளவியல் இல்லை என்று சொல்வது சரி. அவனைப் பார்க்கும் நமக்கு இருக்கிறது. அந்த முகமூடி, நடிகர் வில்லியம் ஷட்னரின் முகம் பதித்த மலிவான பொம்மை முகமூடிக்கு வெள்ளை நிறம் பூசிச் செய்யப்பட்டது. கோரைப்பல் இல்லை, இரத்தம் இல்லை, முகபாவமும் இல்லை. அதே காலப்பகுதியில் எட்வேர்ட் ட்ரொனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த பரிசோதனை ஒன்று இதை விளங்கிக்கொள்ள உதவுகிறது. கைக்குழந்தையோடு சிரித்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொன்னதும் முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பதில் இல்லை என்று கண்டதும் உடம்பை முறுக்கி, முகத்தைத் திருப்பி, ஈற்றில் அழுகிறது. கோபமான முகத்தோடு அழுது வாதாடலாம். வெறும் முகத்தோடு எதுவும் செய்ய முடியாது. மைக்கல் ஒருவனைச் சுவரோடு குத்தி நிறுத்திவிட்டுத் தலையை மெல்ல இப்புறமும் அப்புறமும் சாய்த்துப் பார்க்கும்போது நமக்குள் எழும் நடுக்கம் அந்தக் குழந்தையின் நடுக்கமே. பிற்காலத்தில் வந்த மறு ஆக்கங்கள் அவனுக்குக் கெட்ட வீடும் கெட்ட பிள்ளைப்பருவமும் கொடுத்தன. காரணம் கிடைத்ததும் பயம் போய்விட்டது.

‘த சைலன்ஸ் ஒவ் த லாம்ப்ஸ்’ படத்தில் வரும், மனிதரைத் தின்னும் மனநல வைத்தியனான ஹனிபல் லெக்டருக்கும் அதுவே நேர்ந்தது. நாவலாசிரியர் தோமஸ் ஹரிஸ் முதலில் படைத்த லெக்டர், தனக்கு ஏதோ நேர்ந்ததால்தான் இப்படியானேன் என்ற விளக்கத்தையே இகழ்பவன். பின்னர் எழுதிய நாவலில் அவனுக்கும் போர்க்காலத்தில் தங்கையைக் கொடூரமாக இழந்த ஒரு பிள்ளைப்பருவம் கொடுக்கப்பட்டது. ஜோனதன் டெமி இயக்கிய 1991 இன் படத்தில், அன்ரனி ஹொப்கின்ஸ் கண் இமைக்காமல் நிற்கும் அந்தக் கண்ணாடி அறைக் காட்சிகளில், அந்தப் பின்கதை எதற்கும் தேவை இருக்கவில்லை.

லெக்டரை விளங்கிக்கொள்ள, நோயையும் இயல்பையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மனச்சிதைவு போன்ற நோய்களில் மனம் மெய்யுலகத்திலிருந்து வழுவுகிறது; இந்த நிலையை ஆங்கிலத்தில் சைக்கோசிஸ் என்பார்கள். இல்லாத குரல் கேட்கிறது, இல்லாத சதி தெரிகிறது. ஆங்கிலத்தில் சைக்கோபதி என்று அழைக்கப்படும் இயல்பில் மெய்யுலகம் மிகத் தெளிவாகவே தெரிகிறது. இல்லாதிருப்பது குற்றவுணர்வும், பிறர் நோவதைக் கண்டு தானும் நோகும் தன்மையும்தான். 1941 இல் ஹேர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல வைத்தியர் இவர்களைப் பற்றி எழுதும்போது, தெளிந்த புத்தியையே முகமூடியாக அணிந்தவர்கள் என்று குறித்தார். பிற்காலத்தில் கனடிய உளவியலாளர் ரொபர்ட் ஹெயர், இருபது கூறுகளுக்கு நாற்பது புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குவதாலும், நோர்மனின் படத்துக்கு அந்த ஒலியே தலைப்பாக அமைந்ததாலும், உலகம் முழுவதும் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப் போயின.

2014 இல் வெளியான ஓர் ஆய்வில் சாமுவேல் லெய்ஸ்ரெட், போல் லிங்கோவ்ஸ்கி என்ற இரண்டு பெல்ஜிய மனநல வைத்தியர்கள் 400 படங்களைப் பார்த்து, 126 பாத்திரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். நோர்மனைச் சைக்கோபதி வகையில் சேர்க்கவே முடியாது, அவன் மெய்யுலகத்தை இழந்தவன் என்பது அவர்களின் கருத்து. லெக்டரைப் போன்ற பேரறிவும் நுண்ரசனையும் கொண்ட கொலைகாரர்களை அவர்கள் நம்பத்தக்கவர்களாகக் கொள்ளவில்லை. உண்மை வாழ்க்கையில் இத்தகைய இயல்புள்ளவர்களிடம் அவசரபுத்தியும் சலிப்பும் பொறுப்பின்மையுமே மிகுதி; நூலும் இசையும் சமையலும் தேர்ந்த மேதைகளை அவர்களிடையே தேடுவது வீண்.

ஆனாலும் லெக்டரில் ஓர் உண்மை உண்டு. பிறர் மனத்தை அறிவது ஒரு திறன், பிறர் நோவுக்கு நோவது இன்னொரு திறன். முதலாவது முழுமையாக இருக்க, இரண்டாவது அறவே இல்லாதிருக்கலாம். கிளரிஸ் என்ற இளம் பயிற்சி அதிகாரியின் பேச்சையும் சப்பாத்தையும் கைப்பையையும் வைத்தே அவளுடைய ஏழைமையையும் அவமானத்தையும் லெக்டர் எடுத்துச் சொல்லிவிடுகிறான். சொல்லி அவள் நோவதைச் சுவைக்கிறான். “அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை” என்று வள்ளுவர் கேட்ட 315 ஆவது குறளை வகுப்பில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். அந்த அறிவு எப்படி இருக்கும் என்பதை லெக்டரின் கண்களைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு விளக்க முடிந்தது.

‘த ஷைனிங்’ படத்தின் ஜக் ரொரன்ஸைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. அவனை எல்லோருக்கும் தெரியும். 1980 இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த அந்தப் படத்தில் பேய்கள் வருவதற்கு முன்பே அவன் குடித்துவிட்டு மகனின் தோளைப் பிடுங்கியவன். இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவன். தன் தோல்விக்கெல்லாம் மனைவியைக் காரணம் காட்டுபவன். வெறுமையான மதுக்கூடத்தில் ஒரு குவளைக்காக ஆன்மாவையே தருவேன் என்பவன். இந்தக் கட்டுரையில் வரும் வில்லன்களுக்குள் உண்மைக்கு மிக அருகில் இருப்பவன் இவனே. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நேரும் வன்முறையில் பெரும்பகுதி முகமூடி அணிந்த அந்நியனிடமிருந்து வருவதில்லை. வீட்டுத் திறப்பு வைத்திருப்பவனிடமிருந்து வருகிறது.

எங்கள் ஊருக்கு மனத்தால் மிக அருகில் இருப்பவன் பிரடி குருகர். 1984 இல் வெஸ் கிரேவன் எடுத்த ‘எ நைட்மேர் ஒன் எல்ம் ஸ்ட்ரீட்’ படத்தில், எரிந்த முகமும் விரல்களில் கத்திகளுமாக, பிள்ளைகளின் கனவுகளுக்குள் வந்து அவர்களைக் கொல்பவன் அவன். கிரேவனுக்கு இந்தக் கதையைக் கொடுத்தவை பத்திரிகைச் செய்திகள். லாவோசிலும் கம்போடியாவிலும் நடந்த போர்களிலிருந்து தப்பி அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்தவர்களில், உடல்நலம் உள்ள இளைஞர்கள் உறக்கத்திலேயே இறந்துகொண்டிருந்தார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அவ்வாறு இறந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். லாவோசின் மொங் இனத்தவர் அவர்களுள் பலர். இரவில் நெஞ்சின்மேல் வந்து அமர்ந்து அமுக்கும் ஓர் ஆவியைப் பற்றி மொங் மக்கள் பேசினார்கள். எங்களிடமும் பேய் அமுக்குவது என்று சொல்வார்கள்: விழித்திருப்பீர்கள், கண் தெரியும், கையை அசைக்க முடியாது, நெஞ்சின்மேல் பாரம். கனவு காணும் உறக்கத்தில் தசைகள் தற்காலிகமாகச் செயலற்று இருப்பது இயற்கை. அந்த நிலை விலகுவதற்கு முன் மனம் விழித்துவிடுவதே இதன் காரணம். அந்த இளைஞர்களின் மரணங்களை, பரம்பரையாக வரும் ஒரு வகை இதயத் துடிப்புக் கோளாறோடு மருத்துவம் பின்னர் தொடர்புபடுத்தியது.

பிரடியின் மனத்துக்குள் தேட அதிகம் ஒன்றும் இல்லை. அவன் பிள்ளைகளைக் கொன்றவன், அதில் இன்பம் கண்டவன், அவ்வளவுதான். அந்தப் படத்தின் உளவியல் பெற்றோரிடம் இருக்கிறது. நான்சி என்ற பெண்பிள்ளை உறங்கப் பயந்து, கட்டிலுக்கடியில் கோப்பி ஒளித்து வைத்து விழித்திருக்கிறாள். தாய் குடிக்கிறாள், ஜன்னல்களுக்குக் கம்பி போடுகிறாள், உறங்கு என்று மட்டும் சொல்கிறாள். கடைசியில் மகளை நிலவறைக்குக் கூட்டிச் சென்று, உலையடுப்புக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து அவிழ்க்கிறாள்; உள்ளே பிரடியின் கத்திக் கையுறை இருக்கிறது. சட்டம் அவனை விட்டுவிட்டபோது, அந்தத் தெருவின் பெற்றோர் ஒன்றுகூடி அவனைத் தீ வைத்துக் கொன்றிருக்கிறார்கள். அதன்பிறகு ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்கள் பேசாமல் விட்டது பிள்ளைகளின் உறக்கத்தில் போய்ப் பேசுகிறது.

சுனாமிக்குப் பிறகு உளவளத்துணைப் பயிற்சி பெற்று மாணவர்களோடு பேசத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் காட்சியைப் பலமுறை நினைத்திருக்கிறேன். போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள், ஒரு வெடிச் சத்தமும் கேட்டிராதவர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் கனவுகளைச் சொன்னார்கள். வீட்டில் கேட்டால், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பார்கள். தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் துணியில் சுற்றிய புகைப்படம் ஒன்றை அம்மா இரவில் எடுத்துப் பார்ப்பதைத் தான் கண்டதாக ஒரு சிறுமி சொன்னாள். அது யார் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் அம்மா அழுவா என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்சியின் தாயைப்போல இவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்ல, குற்றம் இழைக்கப்பட்டவர்கள். ஆனாலும் மறைத்து வைக்கும் மனத்தின் செயற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

இவ்வளவு வேறுபட்ட மனங்களுக்கும் எங்கள் தெருவில் இருப்பது ஒரே சொல். கொலைகாரனும் சைக்கோ, பேசாமல் இருப்பவனும் சைக்கோ, கிளினிக்கில் மருந்து எடுப்பவனும் சைக்கோ. 2005 இல் ‘சந்திரமுகி’ வந்த பிறகு பெண்களுக்குத் தனியாக ஒரு பெயரும் கிடைத்தது. மனச்சிதைவு உலகில் ஏறத்தாழ 300 முதல் 350 பேருக்கு ஒருவர் என்ற அளவில் உள்ள நோய் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த நோயுள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம் என்பதும் நன்கு நிறுவப்பட்ட உண்மை.

என்னிடம் முன்பு படித்த ஒரு பெடியன் இருக்கிறான்; பெயரும் ஊரும் வேண்டாம். பத்தொன்பது வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கின; இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு, மாமாவின் கடையில் கணக்கு எழுதுகிறான். அவன் எவரையும் அடித்ததில்லை. வீதியில் இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறான். தெருப் பிள்ளைகள் தன்னை அழைக்கும் சொல்லுக்குப் பொருள் என்ன என்று பார்ப்பதற்காகவே, போனில் தேடி ஹிட்ச்கொக்கின் படத்தை முழுவதும் பார்த்ததாகச் சொன்னான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: “ரீச்சர், அந்தப் பெடியனுக்குத் தாய் செத்த நேரம் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லையா?”

இருந்தார். அந்த ஊர்ப் பொலிஸ் அதிகாரியின் மனைவி ஓரிடத்தில் சொல்கிறார்: தாயைப் புதைக்கும்போது உடுத்துவதற்கான சட்டையைத் தெரிவு செய்யத் தான்தான் நோர்மனுக்கு உதவி செய்ததாக. நிறம் நீலம் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள், அவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதாகப் படத்தில் எங்கும் இல்லை. அவனுக்கு அதைத்தான் சொன்னேன்.